ஆறெழுத்தும் ஐந்து மாடியும்

பதினொன்று அடிக்க ஒன்பது நிமிடம் இருக்கும்போது பல்செட்காரர் தன் கைப்பேசியை அணைத்தார். அடுத்து ஃப்ரிட்ஜை அணைத்தார். அதற்கடுத்து, தலை காய வைத்துக்கொண்டிருந்த மனைவியின் ஹேர் டிரையரை, ஒரு வார்த்தை கேட்காமல் சுவரிலிருந்து பிடுங்கினார்.

"இன்னும் எதையாவது நிறுத்தணுமா, இல்ல நான் மூச்சு விடலாமா?" என்றாள் மனைவி.

"மூச்சு பரவாயில்ல," என்றார் அவர், நிஜமாகவே யோசித்துவிட்டு.

வார நாட்களில் அவர் அடுத்தவர் வாய்க்குப் பல்செட் செய்பவர். அரை மில்லிமீட்டர் பிசகாது. ஞாயிற்றுக்கிழமையானால் வானொலிப் பித்து, பாதி நாள் மொட்டை மாடியில்தான். அதிலும் உலகத்தில் யாரும் சீண்டாத மிகத் தாழ்ந்த அலைவரிசை. அந்த அலை துடிக்கும் வேகம், காதால் கேட்கக்கூடிய ஒரு கீச்சு விசிலின் வேகம்தான். மொட்டை மாடியில் ஆளுயர மரச்சட்டத்தில் கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதன் நுனியைக் கீழே ஐந்தாம் மாடி வீட்டுக்கு இறக்கி, பேட்டரியில் ஓடும் மடிக்கணினியின் மைக் துளையில் செருகியிருந்தார். பக்கத்தில் இருந்தால் ஒரு கைப்பேசி ஸ்பீக்கரின் காந்தம்கூட அந்தச் சுருளுக்கு அலைதான். எண்ணூறு கிலோமீட்டருக்கு அப்பால் இதே பித்துப் பிடித்த மச்சினன் ஒருவன் இருந்தான், மனைவியின் தம்பி. பதினோரு மாதமாக அவன் அனுப்பினான். பதினோரு மாதமாகச் சுருள் ஊர் உலகத்து இடியை எல்லாம் கேட்டது. அவனை மட்டும் கேட்கவில்லை.

இன்றோடு கெடு. துணி காயப்போட இடமில்லை என்று ஐந்து மாடியும் புகார் கொடுத்ததில், குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஒரு பரீட்சை வைத்திருந்தார். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார். ஆங்கில எழுத்தில் ஆறெழுத்துச் சொல் ஒன்றை அவரே தேர்ந்து, முந்தின நாள் மச்சினனிடம் ரகசியமாகப் போனில் சொன்னார். அதையே தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மச்சினன் அந்தச் சொல்லை மூன்று தடவை அனுப்புவான், தடவைக்கு நாற்பது நிமிடம். பல்செட்காரர் சரியாகச் சொன்னால் சுருள் இருக்கும். இல்லாவிட்டால் சாயந்தரம் அந்த இடத்தில் கொடிக்கயிறு.

செயலாளர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆறு எழுத்துக்கு நாப்பது நிமிஷமா? எங்க மாமனாரே இதவிட வேகமா பேசுவாரு."

பல்செட்காரர் உற்சாகமாகிவிட்டார். இதைக் கேட்க ஓர் ஆள் கிடைத்து வருஷக்கணக்காகிறது. சொல்லை அப்படியே அனுப்பினால் இரைச்சலில் கரைந்துபோகும். அதனால் ஒவ்வோர் எழுத்தையும் மற்ற எழுத்துகளோடு பின்னிப் பதினாறு மடங்கு நீளமாக்கி அனுப்புகிறோம். வழியில் பாதி தொலைந்தாலும் மிச்சப் பாதியை வைத்து முழுச் சொல்லையும் மீட்டுவிடலாம் என்று கையை ஆட்டி விளக்கினார். செயலாளரின் முகத்தில் ஒன்றும் விளங்கிய தடயம் இல்லை. சரி, ஓர் உதாரணம் சொல்வோம் என்று நினைத்தார். அங்கேதான் சறுக்கினார்.

"இப்ப எங்க வீட்ல பால் வாங்கணும்னு வைங்க. பால் தீந்துருச்சும்பா. கடைய மூடிருவாங்கம்பா. போன வாரமும் மறந்தீங்கம்பா. பதினாறு விதமா சொல்லுவா. அதுல நாலு நம்ம காதுல விழுந்தா போதும் சார்."

கதவோரம் ஈரத் தலையோடு நின்ற மனைவி, "பதினாறும் விழாத காதுக்கு என்ன ஏற்பாடு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள்.

பல்செட்காரர் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் தடவை முடிந்தபோது திரையில் வெறும் புழுதி. இரைச்சலில் சொல்லைத் தேடும் கணினி நிரல் 'ஒன்றும் இல்லை' என்று நாணயமாகச் சொன்னது. பல்செட்காரர் அதை விடவில்லை. இன்னும் ஆழமாகத் தேடு, லட்சம் ஊகம் செய்து பார் என்று உத்தரவு போட்டார். அப்படி அடித்துக் கேட்டால் அந்த நிரல், அப்பளம் பொரியும் சத்தத்திலும் ஒரு சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். இந்தப் பித்துப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். கெடு என்று ஒன்று வந்துவிட்டால் எல்லோருக்கும் மறந்துபோகும்.

"பி, எம், நாலு, இசட், கே, ஈ," என்று கம்பீரமாக வாசித்தார்.

செயலாளர் உறையைத் தொடக்கூட இல்லை. "நாலுங்கறது எழுத்தா சார்?"

குற்றவாளி கட்டடத்தின் மின்சாரம்தான் என்று பல்செட்காரர் தீர்மானித்தார். ஐந்து மாடியும் படி இறங்கி ஓடி, மெயின் ஸ்விட்சைக் கீழே இறக்கினார். ஒரே ஒரு கணம் சொர்க்கம். மறு கணம் பதினெட்டு வீட்டிலும் இன்வெர்ட்டர்கள் ஒன்றாக உறுமி எழுந்தன. இன்வெர்ட்டர் போடும் இரைச்சலோடு ஒப்பிட்டால் பழைய இரைச்சல் தாலாட்டு.

ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கும்பிட்டார். சிலர் இரக்கத்தில் நிறுத்தினார்கள், சிலர் அவர் கட்டிக்கொடுத்த பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினார்கள். மின்விசிறி நின்றதும் எல்லோருக்கும் வேர்த்தது. வேர்த்தவர்கள் தங்கள் வீட்டை இருட்டாக்கிய மனிதர் என்னதான் செய்கிறார் என்று பார்க்க அவர் வீட்டிலேயே கூடினார்கள். வரும்போது ஆளுக்கொரு பேட்டரிக் கைவிசிறி. ஒவ்வொன்றிலும் ஒரு குட்டி மோட்டார். ஒவ்வொன்றும் திரையில் ஒரு வரி. அவர் விசிறிகளைப் பிடுங்கி முடிப்பதற்குள் இரண்டாவது தடவையும் ஓடிவிட்டது.

இந்த முறை எண்ணே வரக்கூடாது என்று நிரலை மிரட்டிவைத்திருந்தார். அது பயந்து ஆறு மெய்யெழுத்துகளைத் துப்பியது. நாக்கைச் சுளுக்கிக்கொண்டு அவர் அதை வாசித்தார்.

"பல்செட்ட கழட்டி வச்சிட்டு எங்க மாமனார் பேசற மாதிரி இருக்கு," என்றார் செயலாளர். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "ஆமா, மாமனார் எங்க?"

மாமனார் லிஃப்டில் இருந்தார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே, மெயினை இறக்கிய நேரத்திலிருந்து.

கூட்டமே படியில் இறங்கியது. செயலாளர் கதவிடுக்கில் வாயை வைத்து, கவலைப்படாதீங்க மாமா, இதோ மின்சாரத்தைப் போட்டுவிடுகிறோம் என்று கத்தினார். மின்சாரம் வந்தால் மூன்றாவது தடவை அவ்வளவுதான். பல்செட்காரர் செயலாளரைத் தள்ளிவிட்டு அதே இடுக்கில் வாயை வைத்தார்.

"ஐயா, இன்னும் ஒரு நாப்பது நிமிஷம் பொறுத்துக்க முடியுமா?"

உள்ளேயிருந்து குரல் நிதானமாக வந்தது. "தாராளமா. இங்க கம்பி வழியா நல்லா காத்து வருது, உக்கார கடைக்குக் கொண்டுபோன கூடையும் இருக்கு. முக்கியமா, இங்க வந்து யாரும் என்ன எதையும் தின்னக்கூடாதுன்னு சொல்லல."

செயலாளரின் கழுத்து சிவந்தது. இதுவும் பிசகினால் சுருளோடு சேர்த்து உங்களையும் மாடிப் பக்கம் பார்க்கக்கூடாது என்றார். பல்செட்காரர் சரியென்றார். வேறு என்ன சொல்வார்.

மேலே திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றாள். கூட்டத்தில் யாராவது மொட்டை மாடிக்குப் போய்ச் சுருளைத் தொட்டுத் தொலைக்கப்போகிறார்கள், நான் போய்க் காவல் இருக்கிறேன் என்றாள். பதினோரு மாதத்தில் அவள் அந்தச் சுருள் பக்கம் போனதே இல்லை. பல்செட்காரர் வழிவிட்டு, படிவரை கூடவே போய் அனுப்பிவைத்தார்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்குத் திரையில் ஒரு கோடு எழுந்தது.

கோடு என்றால் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. எண்ணூறு கிலோமீட்டர் தாண்டி வந்த அலை, பக்கத்தில் நின்று விசிலடித்ததுபோல் அப்படியொரு தெளிவு. கடைசியாக நிறுத்தியது முதல் மாடி இன்வெர்ட்டர், ஆகவே இத்தனை நாள் சத்ரு அதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முதல் மாடிக்காரரைத் திரும்பிப் பார்த்தார். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலே அவரும் தலைகுனிந்தார்.

ஒரு மணி. இந்தத் தடவை நிரலை மிரட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரே ஊகம்.

"கே, ஏ, இசட், ஏ, டி, யூ." சேர்த்து வாசித்துப் பார்த்த பல்செட்காரரின் குரல் இறங்கியது. "கழட்டு."

செயலாளர் உறையைக் கிழித்து, தாளைப் பிரித்து, எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார். கழட்டு என்றுதான் இருந்தது.

"எப்படியும் தோத்துருவீங்க, சாயந்தரம் இதையே உங்ககிட்ட நீட்டிரலாம்னு எழுதினேன்," என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு.

வேர்த்து வழிந்துகொண்டிருந்த ஐந்து மாடியும் கை தட்டியது. முதல் மாடிக்காரர் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார். யாரோ ஓடிப்போய் மெயினைப் போட, லிஃப்டிலிருந்து வெளியே வந்த மாமனார், அடுத்த பரீட்சை எப்போது என்று விசாரித்தார். சுருள் என்றென்றைக்கும் இருக்கலாம் என்று செயலாளர் சங்கத்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பல்செட்காரர் தன் கைப்பேசியை உயிர்ப்பித்தார். இந்தச் சரித்திரத்தை ஐந்து மாடியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு மச்சினனை அழைத்தார். முதல் மணி முழுசாக அடித்து முடிப்பதற்குள் அவன் போனை எடுத்துவிட்டான்.

"டேய் மச்சான், கேட்டுருச்சுடா. ஆறு எழுத்தும்."

"அப்பாடா, வேல செஞ்சிருச்சா அத்தான்? விடியக்காலம் அடிச்ச காத்துல என் கம்பி அறுந்து விழுந்துருச்சு, உங்க போன் வேற ஆஃபு, இன்னிக்கு இங்கேருந்து எதுவுமே கிளம்பலையேன்னு பதறிட்டிருந்தேன். அக்காதான் கூப்பிட்டு, அந்த விசில் சத்தத்த என் போனுக்கு அனுப்புடா, மாடிக்குப் போய்ச் சுருள் மேல வச்சு நானே ஓட்டிக்கறேன், அந்தச் சுருள் மட்டும் போச்சுன்னா இந்த மனுஷன் ஞாயித்துக்கிழம பூரா வீட்டுக்குள்ளயே இருப்பாருன்னு சொன்னா."