ஆறு பல்பு வாங்கியவர்

கண்ணாடிக் கடைக்காரருக்கு நாற்பத்தேழு வயது ஆனபோது அவர் வீட்டுக் கூடத்து விளக்குகளுக்குத் திடீரென்று முதுமை வந்துவிட்டது. அப்படித்தான் அவர் சொன்னார்.

இருபத்திரண்டு வருஷமாக ஊரார் கண்ணைச் சோதித்து மூக்கில் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் அவர். சோறு போடும் அந்தக் கண்களின் மேல் அவருக்கு இருந்த இளக்காரத்துக்கு அளவே இல்லை. பேப்பரில் மை சரியில்லை, டியூப்லைட் அழுது வடிகிறது என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வரும் நடுவயசுக்காரர்களை, தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் மனைவியிடம் நடித்துக் காட்டுவார். நாற்பத்தைந்து தாண்டினால் ஒன்றரை பவர், சோதிக்கவே வேண்டாம், ஒத்துக்கொள்ளத்தான் ஒரு பயலுக்கும் நெஞ்சில் உரம் கிடையாது என்பார்.

மனைவி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிறவளுக்குப் புருஷன் முகத்தைப் படிப்பது பெரிய வித்தையா? அவர் பேப்பரை மடியிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து எதிர் நாற்காலிக்கும் தள்ளிக்கொண்டே போவதை ஆறு மாதமாகக் கவனித்து வந்தாள். ஒருநாள், நீங்களும் ஒருதரம் சோதித்துப் பார்க்கலாமே என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசியபோது தீர்ப்போடு பேசினார்.

"கோளாறு கண்ணுல இல்ல. பல்புல."

அந்த வார இறுதியில் கூடத்து விளக்குகளை அடியோடு மாற்றுவதென்று முடிவானது. மின்சாரம் மிச்சம் பிடிக்கும் எல்.இ.டி. பல்புகள், அவற்றுக்குச் சுவரில் ஒரு டிம்மர். அவர் படிக்கும்போது குமிழைத் திருகி வெளிச்சத்தைக் கூட்டலாம். அவள் டி.வி. பார்க்கும்போது குறைக்கலாம். வாட்ஸ் பார்த்து பல்பு வாங்குகிறவன் மடையன், வெளிச்சத்தின் அளவான லூமனைப் பார்க்க வேண்டும் என்று காலைக் காபி முடிவதற்குள் அவளுக்கு ஒரு பாடமே நடத்திவிட்டார். கூட வரட்டுமா என்று அவள் கேட்டதற்கு, ஒரு பல்பு வாங்க ஊரே திரண்டு வரணுமா என்றார்.

"சரி, நீங்களே போங்க," என்றாள் அவள். "உங்க அளவுக்கு பல்பு வாங்க யாரால முடியும்?"

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

எலக்ட்ரிகல் கடைக்காரர், சாதா சுவிட்சுக்கா, டிம்மருக்கா என்று கேட்க வாயெடுத்தார். இவர் கையமர்த்தினார். எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவர்களிடம் போய்க் கேட்கச் சொன்னார். ஒரு டப்பாவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார், மெல்லக் கையை நீட்டினார், தலையைப் பின்னுக்கு இழுத்தார், பேரறிஞர் மாதிரி இரண்டு முறை தலையாட்டினார். இதில் ஆறு கொடு என்றார்.

சாயங்காலம் எலக்ட்ரீஷியன் வந்து டிம்மரைப் பொருத்தி, ஆறு பல்பையும் மாட்டிக் கொடுத்தார். குமிழைத் திருகியதும் பல்புகள் வண்டு மாதிரி ரீங்காரமிட்டன. பாதிக்குக் குறைத்ததும் ஆறும் ஆறு விதமாகக் கண்ணடித்தன. கண்ணாடிக் கடைக்காரர் எலக்ட்ரீஷியன் மேல் எரிந்து விழுந்தார். ஒயரிங் லட்சணம் இது, தொழில் தெரியாதவனை வீட்டுக்குள் விட்டது என் தப்பு என்று பொரிந்து தள்ளினார்.

மனைவி காலி டப்பா ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அதை மிகப் பணிவாக அவரிடம் நீட்டினாள்.

"ஏங்க, இதுல பொடியா என்னமோ போட்டிருக்கு. எனக்குக் கண்ணு பிடிபடல. நீங்க படிச்சுச் சொல்லுங்களேன்."

அவர் வாங்கினார். கை நீண்டது. இன்னும் நீண்டது. கடவுள் மனிதனுக்குக் கையை அவ்வளவு நீளத்தோடு நிறுத்திவிட்டது அன்று பெரிய அநியாயமாகப் பட்டது. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "உயர்ந்த தரம். ஈரம் படாமல் வைக்கவும்," என்று வாசித்தார்.

அவர் தோளுக்குப் பின்னால் நின்ற எலக்ட்ரீஷியன், "டிம்மரோட போடக் கூடாதுன்னு போட்டிருக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த ஆறு பல்பும் சமையலறை, குளியலறை, மாடிப்படி என்று சாதா சுவிட்சு உள்ள இடங்களுக்குக் குடிபெயர்ந்தன. வீட்டில் எந்த மூலைக்குப் போனாலும் அவருடைய மேதாவித்தனம் பளிச்சென்று எரிந்தது. எனக்குத்தான் கண் மங்கிவிட்டது போலிருக்கிறது, உங்கள் கடையிலேயே சோதித்துவிடுங்கள் என்று மட்டும் மனைவி சொன்னாள்.

கண்ணாடிக் கடைக்காரருக்கு மனம் குளிர்ந்தது. மறுநாளே அவளைச் சோதனை நாற்காலியில் உட்காரவைத்து லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டார். எதைப் போட்டாலும் தெரியவில்லை என்றவள், ஒன்றரை வந்ததும் இதுதான் என்றாள். நான் சொல்லவில்லையா என்று அவர் கடை முழுக்கக் கேட்கும்படி சிரித்தார். அவள் எடுத்த அகலமான கறுப்பு பிரேம் அவள் மூக்கில் நிற்காமல் சரிந்தது. பெண்களின் ரசனை என்று தலையில் அடித்துக்கொண்டு அதையே போட்டுக் கொடுத்தார்.

அதன் பிறகு அவள் சமையலறைக்குப் போகும் போதெல்லாம் அவர் கை அந்தக் கண்ணாடிக் கூட்டுக்குப் போனது. அவசர அவசரமாகக் கண்ணாடியை உருவுவார், கூட்டை மூடிவைப்பார், தலைப்புச் செய்திக்குக் கீழேயும் செய்தி இருப்பதைக் கண்டு பூரிப்பார், அவள் காலடிச் சத்தம் கேட்டதும் திருப்பி வைத்துவிடுவார். ஒருநாள் அதைச் சட்டைப் பையில் ஒளித்துக்கொண்டு போய், டப்பாவை எழுத்தெழுத்தாகப் படித்து, டிம்மருக்கு ஏற்ற பல்பு ஆறு வாங்கி வந்தார். குமிழைத் திருகினால் வெளிச்சம் பட்டுப் போலக் கூடியது, குறைந்தது. பல்பை மாற்றியதும் எல்லாம் தெரிகிறது பார் என்று மனைவியிடம் மார்தட்டினார். ஆமாம் என்றாள்.

கண்ணாடி வந்து மூன்று வாரம் ஆன ஒரு சாயங்காலம், படிப்பதிலேயே லயித்துப்போய்க் காலடிச் சத்தத்தைக் கோட்டை விட்டார். நிமிர்ந்தால் மனைவி நிற்கிறாள். கையில் ஒரு மாத்திரை அட்டை. அதன் ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போலிருந்த காலாவதித் தேதியைக் கண்ணாடியில்லாமல் சரளமாக வாசித்து, அட்டையைக் குப்பையில் போட்டாள்.

"உன் கண்ணாடி... சும்மா, பவர் சரியா இருக்கான்னு பார்த்தேன்," என்றார் அவர்.

அவள் கண்ணாடிக் கூட்டைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். மூடியின் உட்புறத்தில், மருந்து பாட்டிலில் ஒட்டும் சின்னச் சீட்டு ஒன்று. அவள் கையெழுத்து. கண்ணாடி வாங்கிய தேதி. மூன்று வாரமாக அவர் திறந்து மூடிய கூடு அது. இப்போதுதான் முதல்முறையாகக் கண்ணாடியோடு பார்க்கிறார்.

"என் வீட்டுக்காரருக்கு. மாலையில் ஒருவேளை. பல்பு சரியான பிறகும் நிறுத்தக் கூடாது."