சன்னம் நிறுக்கும் ஆயத்தக்காரர்

நானும் அப்பாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மார்ச் மாதக் குளிரில் வீட்டு ஹீற்றிங்கை நிறுத்தியது. பேஸ்மென்றில் தராசு இருந்தது. ஹீற்றிங் ஊதினால் தராசின் முள் ஆடும். முள் ஆடினால் துப்பாக்கிச் சன்னத்தின் எடை பிழையாகும். ஆகவே கனடாவின் ஸ்காபரோவில் ஒரு குடும்பம் விறைக்கவேண்டும்.

வாசகரே, ஆயத்தக்காரர் என்றொரு இனம் உண்டு. அவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். மீன்பிடிக்கப் போவதற்காகத் தூண்டில் வாங்கி, அதற்குப் பெட்டி வாங்கி, பெட்டிக்குப் பூட்டு வாங்கி, பூட்டுக்கு எண்ணெய் விட்டு நிமிரும்போது ஏரி உறைந்திருக்கும். “வாற வருசம் பாப்பம்” என்று திருப்தியோடு தேநீர் குடிப்பார். உலகில் அவரைப்போல் உழைப்பவர் இல்லை. செய்து முடிப்பதில்தான் சிறு தயக்கம்.

இந்த இனத்தில் மிக முற்றியவர், குறிசூட்டுப் போட்டிக்குத் தன் தோட்டாவைத் தானே அடைப்பவர். என் அப்பா நீக்கிலாப்பிள்ளை அப்படி முற்றியவர். அறுநூறு யார் தூரத்தில் ஒரு கறுப்பு வட்டம், அதைச் சுடவேண்டும். கடையில் தோட்டா விற்கிறார்களே? விற்கிறார்கள்தான். வாங்கினால் சுடவேண்டி வந்துவிடும். ஆகவே ஆயத்தக்காரர் பித்தளைக் கோது, வெடிமருந்து, சன்னம் என்று தனித்தனியே வாங்குவார். சன்னத்தின் அடி தட்டையாக இருப்பதா, படகின் பின்புறம்போல் ஒடுங்கியிருப்பதா என்பதை நண்பர் கஸ்பரோடு தொலைபேசியில் ஒரு மாரிகாலம் முழுவதும் ஆராய்வார். முடிவு? இரண்டிலும் ஒவ்வொரு பெட்டி.

“துவக்குச் சத்தத்துக்குப் பயந்து யாழ்ப்பாணத்திலயிருந்து ஓடிவந்த மனுசன், இஞ்ச காசு குடுத்துத் துவக்கு வாங்குது” என்பார் அம்மா எமில்டா, குளிர்க் கோட்டோடு வெங்காயம் வெட்டியபடி.

“உது சத்தத்துக்கில்லை, எமில்டா. திருத்தத்துக்கு. கொஞ்சம் மூச்சை மெல்ல விடும், முள் ஆடுது.”

“நான் மேல நிக்கிறன்!”

“படியால இறங்கி வருது.”

நான் இயந்திரப் பொறியியல் படித்தவள். அவருக்கு ஒருமுறை விளக்கினேன். இந்தத் தூசியளவு எடை வித்தியாசம் சன்னத்தை விரற்கடை தூரம்கூட விலக்காது. காற்று முழக்கணக்கில் விலக்கும். அப்பா பொறுமையாகக் கேட்டார்.

“காத்தை நிறுக்கேலாது பிள்ளை. சன்னத்தை நிறுக்கலாம்.”

நிறுத்த சன்னங்கள் மூன்று ஐஸ்கிறீம் டப்பாக்களில் விழும்: மிக நல்லவை, நல்லவை, கழிவு. மிக நல்லவை போட்டிக்கு. நல்லவை போட்டிக்கு முந்திய பயிற்சிக்கு. கழிவு சும்மா சுட்டுப் பழக. போட்டிக்கு அவர் ஒருநாளும் போகவில்லை என்பதால் கழிவு மட்டுமே சுடப்பட்டது.

ஒரு சனிக்கிழமை விபரீதம் நடந்தது. ஸ்ரௌவ்வில்லுக்கு அப்பால் உள்ள கிளப்பில், கழிவு டப்பாவிலிருந்து ஐந்து சுட்டார். ஐந்து துளைகளையும் புதிதாக வந்த இரண்டு டொலர் நாணயக் குற்றியால் மூடலாம்.

“நீக்கிலாண்ணை, கலக்கிப்போட்டியள்!” என்று கஸ்பர் அங்கிள் துள்ளினார். அப்பாவின் முகம் விழுந்துவிட்டது.

“அப்ப தராசு பிழை.”

வீட்டுக்கு வந்து டப்பாக்களின் பெயர்களை மாற்றினார். கழிவு மிக நல்லதாயிற்று. ஆகவே இனி அதைத் தொடமுடியாது. பழைய மிக நல்லவை கழிவாயின. அடுத்த சனிக்கிழமை அவையும் அதேபோல் குழுமித் துளைத்தன. அன்று அவர் இரவுச் சாப்பாட்டை ஒதுக்கிவைத்தார்.

கஸ்பர் அங்கிளின் அணிக்கு நாலு பேர் வேண்டும். நாலாவது ஆள் மூன்று வருடங்களாக அப்பா; மூன்று வருடங்களாக அணி மூன்று பேரோடு வீட்டுக்குத் திரும்பியது. இந்த வருடம் மே மாத நீண்ட வாரயிறுதிப் போட்டிக்கு அப்பா தானாகவே “ஓம், வாறன்” என்றார். ஐம்பது தோட்டாக்கள் அடைத்தார். பெட்டியை மூடி, “காணும்” என்றார். போதும் என்ற பொருளில் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து நான் முதன்முதலாகக் கேட்டேன்.

ஏப்ரலில், வேலைக்குப் போகும் வழியில் அப்பாவின் இருதயம் நின்றது. அதற்கு மட்டும் அவர் ஆயத்தம் செய்யவில்லை.

இறுதிப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்த கஸ்பர் அங்கிளிடம் தோட்டாப் பெட்டியைக் கொடுத்தேன்.

“நீங்கள் சுடுங்கோ அங்கிள்.”

அவர் கையைப் பின்னுக்கு இழுத்தார். “ஐயோ பிள்ளை, ஒருத்தர் அடைச்சதை மற்றவன்ர துவக்கில போடக்கூடாது. உது அவற்ர துவக்குக்கு அளந்து செய்தது.”

“அப்ப?”

“ஒண்டில் அவற்ர துவக்கில சுடவேணும். இல்லாட்டி ஒவ்வொண்டாக் கழட்டவேணும்.” தேநீரைப் பார்த்தபடி சொன்னார்: “நீரும் அவரோட வகுப்புக்குப் போய்த் துவக்கு லைசென்ஸ் எடுத்தனீர்தானே. நாலாவது ஆள் இல்லை, பிள்ளை.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அழுது வீங்கிய கண்ணோடு அம்மா சொன்னார்: “போய்ச் சுடு. இத்தினை வருசம் நான் விறைச்ச விறைப்புக்கு, ஒருக்காலாவது வெடிக்கட்டும்.”

வாசலில் சப்பாத்துப் போடும்போது கஸ்பர் அங்கிள் நினைவுபடுத்தினார். “சனிக்கிழமை பழகவேணும். கொப்பரிட்ட நான் கேட்டது ஒண்டே ஒண்டுதான். சுடுறதுக்குக் கறுப்பு வட்டம் போட்ட குறித்தாள் ஒரு கட்டு வாங்கி வரச் சொன்னனான். மனுசன் வாங்கேல்லை. நீர் வாங்கிக்கொண்டு வாரும்.”

பேஸ்மென்றில் தேடினேன். தராசு இரண்டு, அளவுகோல் நாலு, சன்னம் ஆயிரத்துக்கு மேல். சுடுவதற்கு ஒரு தாள்கூட இல்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பிறகு எழுந்து உங்கள் வரவேற்பறையைப் பாருங்கள். சோபாவின் பிளாஸ்ரிக் உறையை எந்த விருந்தாளிக்காகக் கழற்றப் போகிறீர்கள்? அலுமாரியில் மடித்த மடிப்புக் குலையாமல் இருக்கும் சேலை எந்த நாளுக்கு? இந்த இனத்தவர் எவருக்கும் தாம் இந்த இனம் என்று தெரியாது, அதுதான் அடையாளம்.

நான் அப்படியல்ல. குறித்தாள் பற்றி இரண்டு கடைகளில் விசாரித்துவிட்டேன். தடித்த தாளில் துளை சுத்தமாக விழும்; மெல்லியது காற்றில் கிழியும். றிச்மண்ட் ஹில்லில் மூன்றாவது கடை ஒன்று இருக்கிறதாம். அங்கேயும் கேட்டுவிட்டு, உடனே போய் வாங்கிவிடுவேன்.