அறைக்குள் வேறு நபர்

போடிநாயக்கனூரில் சந்தேகப்படுவதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் நேராப்பாரு அண்ணன்தான். வட்டிக்கு விடுகிறவர்கள்கூட ஓரளவு நம்பித்தான் கொடுப்பார்கள். இவர், எதிரில் இருப்பவர் இரண்டு கையையும் மேசைமேல் வைக்காமல் பேச்சையே ஆரம்பிக்க மாட்டார்.

ஏலக்காய்க் குடோனுக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிற ஒரு மென்பொருள். அதை ஓட்டத் தெரிந்தவர் இவர் என்று ஒரு கம்பெனி பரீட்சை வைத்துச் சான்றிதழ் தரும். அது இருந்தால்தான் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை. மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். மறுபடி பணம், மறுபடி பரீட்சை. எழுதுகிறவர்கள் அவரவர் வீட்டிலேயே கணினி முன்னால் உட்கார்ந்து எழுதுவார்கள். காப்பி அடிக்கிறார்களா என்று கேமரா வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் பிழைப்பு.

“அன்னதானத்துல சோறு ஓசி மாப்ளே. சாப்பிடத் தெரியும்னு சர்டிபிகேட் வாங்கத்தான் காசு” என்பார் அண்ணன். ஆனால் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டால் அவரைப்போல் கறாரான ஆள் கிடையாது. “நேராப் பாருங்க சார்” என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் வந்தது. குரங்கணிக்காரர், நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர் என்பதற்குமேல் யாருக்கும் எதுவும் தெரியாது.

ஒருமுறை பரீட்சை எழுதிய ஒருவரின் உதடு அசைந்தது.

“யார்ட்ட பேசுறீங்க?”

“சாமி கும்பிடுறேன் சார்.”

“மனசுக்குள்ள கும்பிடுங்க. எங்க கணக்குல அதுவும் வெளி உதவிதான்.”

அண்ணனுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதை நான் நேரிலேயே பார்த்தேன். பெண் பார்க்கப் போயிருந்தோம். காப்பித் தட்டோடு வந்த பெண் கூச்சத்தில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அண்ணன் பழக்கதோஷத்தில், “அங்கிட்டுப் பாக்காதீங்க, நேராப் பாருங்க. ரூம்ல வேற ஆள் இருக்கக் கூடாது” என்றுவிட்டார். பெண்ணின் தாய்மாமன் எங்களைத் தெருமுனை வரைக்கும் வந்து வழியனுப்பினார். கையில் விறகுக்கட்டை இருந்தது.

அது மழைக்காலம். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியாமல் மூட்டம் போட்டிருந்த ஒரு மத்தியானம், அண்ணனின் திரையில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். சான்றிதழ் காலாவதியாகி, புதுப்பிக்க எழுதுகிறார். “இந்த வயசுல மறுபடி பள்ளிக்கூடப் பையனாக்கிட்டாங்க சார்” என்று சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். “கதவை உள்ளாற தாழ் போடுங்க. யாரும் வரக் கூடாது” என்றார். அவரும் எழுந்துபோய்த் தாழ் போட்டுவிட்டு வந்தார்.

பாதிப் பரீட்சையில் அவர் தலை சாய்ந்தது.

“நேராப் பாருங்க சார்” என்றார் அண்ணன். பிறகு, “சார்?” என்றார். பிறகு எழுந்து நின்றுவிட்டார்.

எங்கள் செல்போன்களை வாசலில் ஒரு பெட்டியில் போட்டுவிட வேண்டும். அண்ணன் ஓடிப்போய் எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிட்டார். அடையாள அட்டையில் பார்த்த முகவரியை மனப்பாடமாகச் சொன்னார். திரும்பி வந்து மைக்கில் கத்தினார். “வீட்ல யாரு? கதவை ஒடைங்க! ஒடைங்கம்மா!” அங்கே கதவு தடதடவென்று அதிர்வது எங்களுக்குக் கேட்டது. நல்ல கதவு. தாழ்ப்பாளும் நல்ல தாழ்ப்பாள். அக்கம்பக்கத்தார் வந்து உடைத்துத் திறந்தபோது, முதலில் ஓடி வந்தது அவர் மனைவி. ஆம்புலன்சு ஆள் நாடி பிடித்துப் பார்த்தார். பிறகு யாரோ கணினியை மூடினார்கள்.

பரீட்சை பாதியில் நின்றால், ஏன் நின்றது என்று திரையில் உள்ள காரணங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அண்ணன் மேலும் கீழும் தேடிக்கொண்டே இருந்தார்.

“வெரசா முடிங்கண்ணே, அடுத்த ஆளு காத்திருக்கான்” என்றான் மேனேஜர்.

“செத்துப்போனாருன்னு இதுல இல்லையேப்பா.”

மேனேஜர் குனிந்து, ‘அறைக்குள் வேறு நபர் நுழைந்தார்’ என்பதை அமுக்கினான். முறைகேட்டுக் கணக்கில் சேருகிற காரணம் அது.

“அவரு பொண்டாட்டிடா அது!”

“பொண்டாட்டியும் வேற நபர்தாண்ணே.”

வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணன் ஒருவன் சட்டையைப் பிடித்தார். தேர்வரின் முகவரியைப் பயன்படுத்தியது, கண்காணிப்பு அறைக்குள் செல்போன், சட்டையைப் பிடித்தது எல்லாம் சேர்ந்து வேலை போயிற்று. அவர் வேலையைத் திருப்பிக் கேட்கவில்லை. முறைகேட்டை நீக்கச் சொல்லிப் பரீட்சை நடத்தும் கம்பெனிக்கு மட்டும் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் பதில் வந்தது. முறைகேடு நீக்கப்பட்டது; தேர்வர் ஒரு வருடத்துக்குள் கட்டணமில்லாமல் மீண்டும் எழுதலாம்.

அதைப் படித்துவிட்டு அண்ணன் வெகுநேரம் சிரித்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

“அந்தம்மாட்ட சொல்லிரணும் மாப்ளே. காப்பியடிச்சாருன்னு நெனச்சிரக் கூடாது.”

தனியாக விட மனமில்லாமல் நானும் கோயம்புத்தூருக்குப் போனேன். அந்த அம்மாவுக்கு முறைகேடு, பதில் எதுவுமே தெரிந்திருக்கவில்லை. எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டு, ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நீங்கதானுங்களே கடைசியாப் பாத்துட்டு இருந்தீங்க. ரொம்ப வலிச்சிருக்குங்களா?”

அண்ணன் தரையைப் பார்த்தார்.

“இல்லைங்கம்மா. எழுதிக்கிட்டேதான் இருந்தாரு. எல்லாம் சரியா எழுதுனாரு. பாஸ்தாம்மா.”

அந்தப் பாடத்தில் ஒரு வரிகூடத் தெரியாதவர் அண்ணன். அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும் பஸ்சில் அண்ணன், பெரியகுளம் தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். தேனி வருவதற்குள் எனக்குத் தோள் மரத்துவிட்டது. போடி வரைக்கும் அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.