கமாண்டோ குரைத்த கதை

சுவிசேஷமுத்துவின் கழுத்தில் மாட்டிய காலர் கழன்று வருவதாக இல்லை. இழுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கர்த்தரையும் கூப்பிட்டுப் பார்த்தார். எதிரே கமாண்டோ தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, தனக்கு வந்த சாமானை இந்த மனுஷன் எதற்கு மாட்டிக்கொண்டு அல்லாடுகிறார் என்று பார்த்தது.

காலர் நாய்க்கு வந்ததுதான். கரண்டு காலர். உள்பக்கம் ஆணி மாதிரி இரண்டு முனை துருத்திக்கொண்டு கழுத்துத் தோலைத் தொடும். ரிமோட்டை அமுக்கினால் சுருக்கென்று பிடிக்கும். நாயை வாடகைக்கு விட்டிருக்கும் செக்யூரிட்டி ஏஜென்சியின் ட்ரெய்னர் ஜெரோம், காலையில் இதைக் கொண்டுவந்து கொடுத்துப் பாடமும் நடத்திவிட்டுப் போயிருந்தான்.

"தப்பு பண்ற அந்த நிமிஷமே அமுக்கணும்ண்ணா. லேட்டா அமுக்கினா இன்னாத்துக்கு அடி வாங்கினோம்னே அதுக்குப் புரியாது. அப்ப எதைப் பாத்துகினு இருக்குதோ அதைக் கண்டு பயப்பட ஆரம்பிச்சுடும். உன்னைப் பாத்துகினு இருந்தா உன்னைக் கண்டே பயப்படும்."

அப்படி என்ன தப்பு செய்தது கமாண்டோ? ஒன்றும் செய்யவில்லை, அதுதான் தப்பு. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் சுப்பராயலுவின் ஃபேப்ரிகேஷன் ஷெட்டுக்குக் காவலுக்கு வந்த நாய். உருவத்தைப் பார்த்தால் குலை நடுங்கும். மனசு மட்டும் பச்சைப்பிள்ளை. குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள். இது இரண்டுமே செய்யாது. போன வாரம் வாட்ச்மேன் முத்து சாப்பிடப் போன நேரத்தில், இரண்டு பேர் பட்டப்பகலில் செம்புக் கம்பிச் சுருளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கமாண்டோ வாலை ஆட்டிக்கொண்டே கேட் வரைக்கும் போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தது. எல்லாம் கேமராவில் பதிந்திருந்தது.

முதலாளி சுப்பராயலு ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "சனிக்கிழமை சாயங்காலம் தெரியாத ஆள் ஒர்த்தனை உள்ள அனுப்புவேன். நாய் குரைச்சுதா, இருக்கட்டும். குரைக்கல, ஏஜென்சிக்கே போயிடணும்."

திரும்பிப் போகிற நாய் எங்கே போகும் என்று முத்துவுக்குத் தெரியும். ஏஜென்சிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. முழ நீளச் சங்கிலி. ஒருமுறை வேண்டாம் என்று வந்த நாயை வேறு யாரும் கேட்கமாட்டார்கள். அங்கே போன நாய் வெளியே வந்து அவர் பார்த்ததில்லை. பெண்டாட்டி போன பிறகு பம்மல் வாடகை அறையில் அவருக்காக எழுந்து வர ஓர் உயிர் கிடையாது. காலையில் ஷெட் கேட்டைத் திறந்தால் இது ஒன்றுதான் ஓடி வருகிறது. இதுவும் போய்விட்டால் யாருக்காக விடிகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

அதனால்தான் காலருக்குச் சம்மதித்தார். ஆனால் கமாண்டோவின் கழுத்தைத் தடவியதும் மாட்ட மனசு வரவில்லை. எவ்வளவு வலிக்குமோ, பாவம். முதலில் நாமே ஒருதரம் பார்த்துவிடுவோம் என்று தன் கழுத்தில் சுற்றினார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொண்ட கதை இங்கேதான் ஆரம்பம்.

அந்த ஏஜென்சி ஊருக்கெல்லாம் காவல் போடும்; அதன் காலர்கள் மட்டும் அடிக்கடி காணாமல் போகும். அதனால் ஒவ்வொரு காலரிலும் சூட்கேஸ் பூட்டு மாதிரி சின்னதாக ஒன்று தொங்கவிட்டிருந்தார்கள். முத்து வாட்ச்மேன் வேலையிலேயே தலை நரைத்தவர். திறந்த பூட்டைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. யோசிக்காமல் 'க்ளிக்' என்று அமுக்கிவிட்டார். அமுக்கியபிறகு ஒருமுறை இழுத்தும் பார்த்தார், சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று.

ஜெரோமுக்குப் போன் போட்டார். அவன் ஏஜென்சி நாய்களை ஏற்றிக்கொண்டு ஓசூர் போய்க்கொண்டிருந்தான்.

"சாவி எங்கிட்ட கீதுண்ணா. சனிக்கிழமை சாயங்காலம் வந்து நானே கழட்டுறேன். அதுவரைக்கும் தண்ணி படாம பாத்துக்கோ. நாய் கழுத்துலதானே போட்டுக்கீற?"

"பின்ன என் கழுத்துலயா போட்டுப்பேன்?" என்றார் முத்து. அதற்குமேல் எப்படி உண்மையைச் சொல்வது? ஏஜென்சியே கூடிச் சிரிக்கும்.

தேங்காயெண்ணெய் தடவித் தலை வழியாக உருவப் பார்த்தார். தாடை வரைக்கும் வந்தது. தாடைக்கு மேல் வரமாட்டேன் என்று நின்றது. திரும்பவும் கீழே இறக்கவே பெரும்பாடாகிவிட்டது. வெல்டரிடம் காட்டினார். பட்டைக்குள் எஃகுக் கம்பி ஓடுகிறதே என்று அவன் கிரைண்டரை எடுத்து வந்தான். முதல் பொறி காது மயிரில் விழுந்தது. முத்து எழுந்து கேட்டுக்கே ஓடிவிட்டார்.

சரி, மறைத்துவிடுவோம் என்று கம்பளி மஃப்ளரை எடுத்துச் சுற்றினார். மே மாதம். ரோட்டில் தார் இளகிக்கொண்டிருந்தது.

"என்ன முத்தண்ணா, இந்த வெயில்ல மஃப்ளர்?" ஆபீஸ் கணக்கு பார்க்கும் கீதா குரோம்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள்.

"தொண்டை கட்டிக்கிச்சும்மா."

அவள் நல்ல பெண். பிளாஸ்க்கில் சுக்குக் கஷாயம் கொண்டுவந்து, குடித்து முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றாள். காரம் காது வழியாக வந்தது. குடித்து நிமிர்ந்தால் எதிரில் முதலாளி.

சுப்பராயலு அந்த ஊர்க்காரர். அப்பா நாற்று நட்ட இடத்தில்தான் இந்த ஷெட் நிற்கிறது. மனுஷன் எதையும் கையில் எடுத்துப் பார்க்காமல் விடமாட்டார். மேஜைமேல் இருந்த ரிமோட்டை எடுத்துவிட்டார்.

"இது இன்னாய்யா?"

"நாய்க்கு சார். குரைக்கலன்னா இதை அமுக்கணும். ட்ரெய்னிங்."

"காலரு?"

முத்து மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். "சார்ஜ் போட்டுக்கீறேன் சார். மாட்டிட்டு வந்துடறேன்."

காவல் அறைக்குள் ஓடினார். இடுப்பு பெல்ட்டை உருவி, நடுவில் ஒரு தீப்பெட்டியை வைத்துக் கறுப்பு டேப்பைச் சுற்றி, கமாண்டோவின் கழுத்தில் கட்டினார். தூரத்திலிருந்து பார்த்தால் காலர்தான். அது பெல்ட்டை ஒரு நக்கு நக்கிப் பார்த்துவிட்டு, அவர் பிரியத்தோடு என்னவோ போட்டிருக்கிறார் என்று பெருமையாக உட்கார்ந்துகொண்டது. பெல்ட் போன பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, இன்னொரு கையை ரிமோட்டுக்கு நீட்டினார்.

சுப்பராயலு தரவில்லை. "எங்கிட்ட இருக்கட்டும். மேல ரூம்லருந்து பாத்துகினு நானே பழக்குறேன். ரிமோட்டு யார் கையில கீதோ அவன்தானே ஓனரு?"

அன்று பகல் முழுக்க முத்து பட்ட பாட்டை எழுதினால் பாவம். முதலில் கூரியர்காரன் வந்தான். கமாண்டோ வாலை ஆட்டியது. கழுத்தில் எறும்பு கடித்த மாதிரி 'சுர்' என்றது. முத்து பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கையெழுத்து கோணல்மாணலாகப் போனது. அடுத்து தண்ணீர்க் கேன் வண்டி. நாய் குரைக்கவில்லை என்று முதலாளி மேலே அளவைக் கூட்டிவிட்டார் போலிருக்கிறது. இந்தத் தடவை தேள் கொட்டிய மாதிரி இருந்தது. "யம்மா" என்று எகிறினார். பேன்ட் கையை விட்டு நழுவியது. தண்ணீர்க் கேன் பையன் கேனை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

கமாண்டோ மட்டும் பதறிப்போய் ஓடி வந்து அவர் காலடியில் படுத்துக்கொண்டது. முகத்தை அவர் ஷூமேல் வைத்துக்கொண்டு மேலே பார்த்தது.

"ஏன்டா, நீ ஒரே ஒரு தடவ குரைச்சுட்டா நான் பொழைச்சுப்பேன்டா. உனக்கு என்னா குறைச்சல்?" என்றார் முத்து. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது அவர் கையை நக்கியது.

நாய் வாலை நிமிர்த்தலாம் என்று நினைத்தவன் எவனாவது ஜெயித்திருக்கிறானா?

மதியம் ஸ்கிராப் வாங்குகிறவன் வந்தபோதுதான் வழி பிறந்தது. அப்போது முத்துவும் நாயும், மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியாத காவல் அறைக்குள் இருந்தார்கள். கரண்டு பிடித்த பிடியில் முத்துவின் வாயிலிருந்து வந்தது மனுஷச் சத்தமாகவே இல்லை. 'வவ்' என்று ஒரு சத்தம். ஸ்கிராப்காரன் இரண்டடி பின்னால் போனான். மேலே ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி எழுந்து நிற்பது தெரிந்தது. கரண்டும் நின்றது.

கரண்டு நிற்கும் வழி முத்துவுக்குப் புரிந்துவிட்டது. பிறகு கமாண்டோவைப் பார்த்தார். அது மரியாதையோடு அவரைப் பார்த்தது.

அன்றைக்கு வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் பம்மல் போகிற வழியெல்லாம் தெருநாய்களைக் கவனித்துக் கேட்டுக்கொண்டே போனார். தொண்டைக்குள்ளேயே உருட்டிப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை காவல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழகினார். கேட் ஆடினால் ஒரு குரை, ஆள் உள்ளே வந்தால் தொடர்ந்து நாலு, கடைசியில் ஓர் உறுமல். ஆள் வந்ததும் முந்திக்கொண்டு குரைத்துவிட்டால் மேலேயிருந்து கரண்டு வருவதில்லை. தாமதித்தால் வந்தது. சாயங்காலத்துக்குள் கேட் கீச்சிடும் சத்தம் கேட்டாலே அவர் வாய் தானாகத் திறக்க ஆரம்பித்துவிட்டது. தொண்டை கட்டிக்கொண்டது என்று சொன்ன பொய் நிஜமாகிவிட்டது. கீதா இன்னொரு பிளாஸ்க் கஷாயம் கொண்டுவந்தாள்.

நாற்பது வருஷம் கோயிலில் ஜெபம் சொன்ன வாய். அதை நினைத்தபோது முத்து கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால் தகரக் கொட்டகையை நினைத்ததும் அடுத்த குரை இன்னும் நன்றாகவே வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது. முத்து காவல் அறைக்குள் கமாண்டோவோடு கதவுக்குப் பின்னால் குந்தியிருந்தார். ஒரு கையில் பேன்ட், ஒரு கை நாயின் முதுகில். முன்பின் பார்த்திராத ஆள் ஒருவன் கேட்டைத் தள்ளினான். கமாண்டோ சந்தோஷமாக வாலை ஆட்டித் தரையைத் தட்டியது.

முத்து குரைத்தார். வாழ்க்கையில் எந்த வேலையையும் அவர் அப்படிச் செய்ததில்லை. அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்தது. அந்த ஆள் உள்ளே எட்டிப் பார்க்கவும் துணியவில்லை. திரும்பி ஓடினான். ஒரு செருப்பு கேட்டுக்குள்ளேயே கிடந்தது.

மேலே ஜன்னல் திறந்தது. சுப்பராயலு கை தட்டினார். "சபாஷ். இதுதான் குரைப்பு. இத்தத்தான் இத்தனை நாளா கேட்டுகினு இருந்தேன்."

முத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கமாண்டோவைக் கட்டிக்கொண்டு அதன் காதுக்குள், "பொழைச்சோம்டா ராஜா" என்றார். எதிர்க்கடையில் வாங்கி வைத்திருந்த பன்னை முழுசாக அதற்கே கொடுத்தார். அவருக்குப் பசிக்கவில்லை. மனசு அவ்வளவு நிறைந்திருந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தார்.

ஏஜென்சி வண்டி வந்து நின்றது. ஜெரோம் சாவியைச் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். முத்து மெதுவாக மஃப்ளரை அவிழ்த்தார். ஜெரோம் காலரைப் பார்த்தான். கழுத்தைப் பார்த்தான். நாய் கழுத்திலிருந்த பெல்ட்டையும் தீப்பெட்டியையும் பார்த்தான்.

"யோவ் முத்தண்ணா, இன்னாய்யா இது?"

"சிரிக்காதப்பா. யார்கிட்டயும் சொல்லாத. கழட்டு மொதல்ல." அவர் குரல் கரகரத்தது. "நாய் தப்பிச்சிடுச்சு. அது போதும் எனக்கு."

தோல் கன்றி இரண்டு புள்ளி கறுத்துப்போயிருந்தது. ஜெரோம் சிரிக்கவில்லை. குனிந்து பூட்டுக்குள் சாவியை விட்டான். அப்போதுதான் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கீதா இறங்கி வந்தாள். முத்துவின் முகத்தைப் பார்க்காமல் ஜெரோமிடம் சொன்னாள்.

"சார் இப்பத்தான் காவல் ரூம் கேமராவை ஓட்டி எல்லாத்தையும் பார்த்துட்டாரு. நாயை வண்டியில ஏத்திக்கோங்க ஜெரோம், காலரை மட்டும் முத்தண்ணா கழுத்துலயே விட்டுட்டுப் போகச் சொன்னாரு."