திருமுல்கேரி பூக்கட்டி ஐயாவின் மெஸ்

பிள்ளைகளே, இந்த உலகத்தில் முருகனை ஒரு நிமிஷம்கூட நிம்மதியாக உட்கார விடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் பூக்கட்டி ஐயாதான். மற்றவர்கள் பரீட்சைக்கு முன்னால் சாமியைக் கூப்பிடுவார்கள், ஆஸ்பத்திரிக்குப் போகும்போது கூப்பிடுவார்கள். இவர் கத்தரிக்காய் வாங்குவதற்குக் கூப்பிடுவார்.

அவருடைய உண்மைப் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. பழனிப் பக்கத்துக்காரர். ராணுவக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஊருக்குப் போகாமல் ஹைதராபாத்திலேயே தங்கி, திருமுல்கேரியில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்து மெஸ் ஆரம்பித்தார். சுத்த சைவம். நான் அப்போது கல்யாணமாகாத ஃபிட்டர். என்னையும் சேர்த்துத் தனிக்கட்டைகள் பன்னிரண்டு பேர் அங்கேதான் சாப்பிட்டோம்.

மெஸ்ஸுக்கு முதலாளி யார் என்று கேட்டால், "உள்ள இருக்காருங்க" என்பார். உள்ளே போனால் சுவரில் முருகன் படம் மட்டும் இருக்கும். ஒருமுறை சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர் முதலாளியைப் பார்த்தே தீருவேன் என்று கோபமாக உள்ளே போனார். திரும்பி வரும்போது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு வந்தார்.

பூக்கட்டிப் பார்ப்பது என்றால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். ஒரு காரியம் செய்யலாமா வேண்டாமா என்று மனசு தடுமாறும்போது, வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி, சாமி முன்னால் போட்டு, யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்ததோ அதுதான் சாமியின் உத்தரவு. நம் ஊரில் பெண் பார்க்க, நிலம் வாங்க, அப்படிப் பெரிய காரியங்களுக்குச் செய்வார்கள். ஐயா தினமும் காலையில் செய்வார். "ஏனுங்க முருகா, சாம்பாருங்களா, வத்தக்குழம்புங்களா?" என்று படத்தைப் பார்த்து மரியாதையாகக் கேட்பார். வெள்ளை வந்தால் சாம்பார், சிவப்பு வந்தால் வற்றல் குழம்பு. அதற்குள் காய்கறி வண்டிக்காரர் வாசலில் வந்து நின்றுவிடுவார். அவருக்கும் பழகிப்போயிற்று. "முருகன் சாப் க்யா போலே? பைங்கன் ஹோனா, நக்கோ?" என்று கேட்பார். முருகன் துரை என்ன சொன்னார், கத்தரிக்காய் வேண்டுமா வேண்டாமா என்று அர்த்தம். உள்ளேயிருந்து பதில் வரும்வரை பீடி குடிப்பார்.

ஆரம்பத்தில் ஐயாவே சமைத்தார். அந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம். சோற்றை உருட்டி எறிந்தால் காக்கை நகர்ந்து உட்காரும்.

பிறகு அந்த வாழையிலைச் சமாச்சாரம் நடந்தது. மெஸ்ஸுக்கு வாழையிலைக் கட்டு ரயிலில் வரும். அதை எடுத்துவர ஐயா ஒருநாள் செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போனார். பிளாட்பாரத்தில் ஒரு தகரப் பெட்டியைச் சுற்றி ஐந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பர்மாவில் தலைமுறையாகப் பிழைத்த நம் ஜனங்களை அங்கே சர்க்கார் கடையையும் வீட்டையும் பிடுங்கிக்கொண்டு கப்பலேற்றி அனுப்பிய காலம் அது. இவர்கள் விசாகப்பட்டினத்தில் இறங்கி, முகாமில் சில மாதம் இருந்து, ஹைதராபாத்தில் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ரயிலேறியவர்கள். அந்த யாரோவின் விலாசம்கூட அவர்களிடம் இல்லை. ஐயா இலைக் கட்டை மறந்துவிட்டு ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு நாங்கள் செய்தித்தாளில் சாப்பிட்டோம். ரசம் ஊற்றச் சொன்னவன் சட்டையை மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் அன்று சமைத்தது அந்தப் பெண்கள். ருசி என்றால் என்ன என்று எங்கள் நாக்குக்கு அன்றுதான் ஞாபகம் வந்தது.

ஐந்து பேருக்கும் தலைவி செல்லம்மா அக்கா. நாற்பது வயது. ரங்கூனில் பெரிய வீட்டில் சமைத்தவர். அவர்கள் எல்லோருக்கும் மெஸ்ஸின் பின்னறைதான் வீடு. வந்த மூன்றாம் நாளே அக்காவுக்கு ஐயாவின் வழக்கம் பெரிய தலைவலியாகிவிட்டது. ராத்திரியே பருப்பை ஊறப்போட்டு வைத்தால், விடிந்ததும் முருகன் உப்புமா என்று சொல்லிவிடுவார். ஊறின பருப்பை என்ன செய்வது? அக்கா யோசித்தார். பூவை மடித்துக் கட்டுகிற வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பொட்டலம் எடுப்பது, காலையில் முதலில் வருகிறவனின் வேலை. அது பெரும்பாலும் நான்தான். ஒருநாள் அக்கா என் காதில், "தம்பி, இலைக்காம்பு வால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குல்ல, அதை எடு" என்றார். சாமி குற்றம் ஆகாதா என்று கேட்டேன். "ஊறின பருப்பு வீணாப் போனா மட்டும் அவருக்குப் புடிக்குமாக்கும்" என்றார். அன்றிலிருந்து முருகன் எப்போதும் எது ஊறியிருக்கிறதோ அதையே சொன்னார். ஐயா படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடுவார். நான் மட்டும் தரையைப் பார்ப்பேன்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. பிறகு வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு மத்தியானம் பர்மாச் சாப்பாடு செய்யலாமா என்று முருகனைக் கேட்டதில், வால் நீட்டிய பொட்டலம் சம்மதம் கொடுத்திருந்தது. கோதுமை மாவைப் பிசைந்து, மஞ்சள் போட்டு, மெல்லிசாகத் தேய்த்து, நீள நீளமாக நறுக்கி, எண்ணெய் தடவித் துணிக்கொடியில் தொங்கவிடுவார்கள். காய்ந்ததும் அவித்து, வறுத்த வெங்காயம், முட்டைக்கோசு, புளித்தண்ணீர் எல்லாம் போட்டுப் பிசைந்தால் அதற்குப் பெயர் அத்தோ. கொடியில் ஒரு பக்கம் ஐயாவின் வேட்டி, மறுபக்கம் மஞ்சளாக, பளபளப்பாக, கொழகொழவென்று அந்த மாவுச் சரங்கள்.

முன்கட்டில் வீட்டுக்காரர் இருந்தார். எங்கள் காலனித் தமிழ்ச் சங்கத்துக்கு அவர்தான் செக்ரட்டரி. அதனால் அவரை வீட்டுக்காரர் என்று சொல்வதில்லை, செக்ரட்டரி என்றுதான் சொல்வோம். அவர் பூஜைக்குப் பூப்பறிக்கக் கொல்லைப்பக்கம் வந்தார். கொடியைப் பார்த்தார். பூக்கூடையைப் போட்டுவிட்டார். அன்று கிருத்திகை வேறு. முருகனுக்கு விரத நாள். விரத நாளில், முருகன் மெஸ்ஸில், ஆட்டுக்குடலைக் கழுவிக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள் என்று அவர் போட்ட சத்தத்தில் நாங்கள் பன்னிரண்டு பேரும் ஓடிவந்தோம்.

ஐயாவும் கொடியை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. "ஏம்மா செல்லம்மா, இது குடலுங்களா?" என்று கேட்டார்.

அக்கா ஒரு சரத்தை உருவி, ஒரு நுனியைத் தன் வாயில் போட்டு மென்றார். மறு நுனியைச் செக்ரட்டரி கையில் கொடுத்தார். என்ன ஏதென்று தெரியாமல் அவரும் வாங்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் நடுவில் மாவுச்சரம் தொங்கியது. அது வெறும் மாவு என்று அவருக்குப் புரிந்தது முகத்தில் தெரிந்தது. அதோடு காரியம் முடிந்திருக்கும். அந்த நேரம் பார்த்து ஒருவன் சிரித்துவிட்டான்.

சிரித்தது நான்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். தப்பு செய்தவனைப் பார்த்துச் சிரித்தால், அவன் தப்பை விடமாட்டான், நம்மைத்தான் பிடிப்பான்.

செக்ரட்டரி முகம் சிவந்துவிட்டது. மாவோ குடலோ, பிரச்சினை அது இல்லை என்றார். கப்பலில் வந்த பெண்கள், யார் எவர், என்ன ஜாதி என்று தெரியாது, காலனியில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள், இவர்களை அனுப்பிவிட்டு மெட்ராஸிலிருந்து இரண்டு சமையல்காரர்களை வரவழையுங்கள் என்றார். பெண்கள் ஐந்து பேரும் சுவரோரம் ஒட்டி நின்றார்கள். அவர்களுக்கு அந்தப் பின்னறையை விட்டால் இந்த தேசத்திலேயே வேறு கூரை கிடையாது.

ஐயா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். செக்ரட்டரி விடவில்லை.

"நீங்கதான் எல்லாத்துக்கும் முருகனைக் கேப்பீங்களே. இதையும் கேளுங்க. வெள்ளை வந்தா இருக்கட்டும், சிவப்பு வந்தா போகட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். செல்லம்மா அக்கா கட்டுகிற பொட்டலத்தில் தோற்றவர் யார்? அக்காவும் ஓர் அடி முன்னால் வந்தார். ஆனால் செக்ரட்டரி, தரையில் கிடந்த தன் பூக்களிலிருந்தே ஒரு நந்தியாவட்டையும் ஒரு செம்பருத்தியும் எடுத்தார். தானே இரண்டு இலை கிள்ளி, தானே மடித்து, ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாமல் கச்சிதமாகக் கட்டினார். எடுப்பதற்குத் தன் ஆறு வயது மகளைக் கூப்பிட்டார். அது "க்யா ஹை அப்பா", என்னப்பா என்று கேட்டுக் குதித்துக்கொண்டு வந்தது. அக்கா முன்னால் வைத்த அடியைப் பின்னால் எடுத்துக்கொண்டார். ஐயா எந்த நாளும் முருகன் உத்தரவை மீறியவர் அல்ல. ஒருமுறை சிவப்பு வந்ததற்காக நாலு நாள் மோர்க்குழம்பே ஊற்றியவர்.

இரண்டு பொட்டலமும் படத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன. குழந்தை கையை நீட்டியது. ஐயா குனிந்து அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாங் கண்ணு" என்றார். பிறகு செக்ரட்டரியைப் பார்த்து, "சாம்பாரா வத்தக்குழம்பான்னு கேக்கலாமுங்க. கூரை இல்லாதவங்களுக்குக் கூரை குடுக்கட்டுங்களான்னு போய்க் கேட்டா, அவரு என்னையப் பத்தி என்னங்க நெனைப்பாரு?"

செக்ரட்டரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஸ்டேஷன்ல இவங்களப் பாத்தன்னைக்கும் நான் கேக்கலீங்க" என்றார் ஐயா.

இரண்டு வருஷமாக நாங்கள் எல்லோரும், முருகன் உத்தரவு கொடுத்துத்தான் அந்தப் பெண்களை அழைத்து வந்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். செல்லம்மா அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஐயாவுக்கு அழுகிற பெண்களைப் பார்த்தால் என்ன செய்வதென்று தெரியாது. அதனால் அவரைச் சமாதானப்படுத்த நினைத்து, "பொட்டலத்துக்கு வால் வெக்கறதும் எனக்குத் தெரியுமுங்க. அவரே உங்க கை வழியாச் சொல்றாருன்னு இருந்துட்டேன்" என்றார். அக்கா இன்னும் சத்தமாக அழுதார். நான் அங்கிருந்து நழுவிக் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

ஒரு மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார் செக்ரட்டரி. "ஆகட்டுங்க" என்றார் ஐயா. அன்று மத்தியானம் அத்தோ பிரமாதமாக இருந்தது. செக்ரட்டரி வீட்டுக்கும் ஒரு தூக்குவாளி போயிற்று. வாளி காலியாகத்தான் திரும்பி வந்தது. ஆனாலும் வீட்டை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அப்படியும் மனிதர்கள் உண்டு, தெரிந்துகொள்ளுங்கள்.

லாரிப் பட்டறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை கிடைத்தது. பக்கத்தில் பெண்களுக்கு ஓட்டுக்கூரை போட்ட இரண்டு அறை. பழைய இடத்தைவிட அறை பெரியது. ஆனால் பஸ் ஸ்டாப்பிலிருந்து மூன்று சந்து திரும்ப வேண்டும், ஓரிடத்தில் சாக்கடையைத் தாண்ட வேண்டும். இட்லிக் கொப்பரையைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றி, கரண்டிகளை நாங்களே தோளில் சுமந்து, ஏதோ படையெடுப்பு மாதிரி போய்ச் சேர்ந்தோம். இத்தனை சுற்றிக்கொண்டு யார் சாப்பிட வருவார்கள், கூட்டம் குறைந்தால் ஐந்து பேருக்கும் வேலை என்ன ஆவது என்று அக்காவுக்கு ஒரே கவலை.

மறுநாளிலிருந்து ஐயா மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றுவிடுவார். குடை கிடையாது. ஒவ்வொரு பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரிடமும், "வாங்க, இந்தப் பக்கமுங்க, இந்தப் பக்கமுங்க" என்று கையைக் காட்டி முன்னால் நடப்பார். சாப்பிட வந்தவர்கள், வராதவர்கள் என்ற வித்தியாசம் கிடையாது. தபால் ஆபீஸுக்குப் போகிறவரையும் கூட்டிவந்து இலை போட்டு உட்கார வைத்துவிடுவார். ஒரு சிப்பாய் தன் ரெஜிமெண்டைத் தேடி வந்தவர், மோர்ச்சோறு வரைக்கும் சாப்பிட்ட பிறகுதான் இடம் மாறி வந்ததைத் தெரிந்துகொண்டார். மறுநாள் இரண்டு நண்பர்களோடு வந்தார். மூன்று மாதத்தில் கொட்டகையில் இடமில்லாமல் வெளியே பெஞ்சு போட வேண்டியதாயிற்று. அக்காவுக்குத் துணையாக முகாமிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள்.

அந்தச் சந்துகள் எனக்கு முதல் வாரத்திலேயே மனப்பாடம். கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடுவேன். ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கியதும், வழி தெரியாதவன் மாதிரி, ஐயா வந்து கையைக் காட்டுகிறவரை அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.