சர்க்கரையைக் குறைத்த கோபம்

“இது அச்சுப்பிழை” என்றார் பிழைதிருத்துநர்.

இரத்தப் பரிசோதனை முடிவு அச்சிடப்பட்டிருந்த தாளை மூக்கு நுனிவரை கொண்டுவந்தும், வலக்கண்ணை மூடியும், இடக்கண்ணை மூடியும், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தும் பார்த்த பிறகு அவர் வழங்கிய தீர்ப்பு அது. பாடநூல் அச்சிடும் அச்சகமொன்றில் மெய்ப்புப் பார்த்தே தலை நரைத்தவர் அவர். ஒரு தாளில் தமக்குப் பிடிக்காதது எதுவோ அதுவே பிழை என்று கொள்வது அவருடைய தொழிற்பழக்கம்.

மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்த சர்க்கரைநோய் மருத்துவர் அம்மையார் பொறுமைசாலி.

“அச்சு சரியாத்தான் இருக்குங்க. உங்க சர்க்கரைதான் சரியா இல்ல.”

கண்புரை அறுவைக்கு நாள் குறிப்பதும், நாள் நெருங்கும்போது சர்க்கரை ஏறி நிற்பதும், அறுவையைத் தள்ளிப்போடுவதும் இத்துடன் இரண்டாம் முறை. சர்க்கரை இறங்காமல் கண்ணில் கை வைக்க முடியாதென்று கண் மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் கை வைக்கப்போவதை நினைத்தால்தான் சர்க்கரையே ஏறுகிறது என்பதை அவரிடம் யார் சொல்வது? பிழைதிருத்துநர் சொல்லவில்லை. தமக்குப் பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதைவிட, உலகம் ஒழுங்காக இல்லை என்று சொல்வது அவருக்கு எளிதாக இருந்தது.

ஆனால் மூன்றாம் முறை தள்ளிப்போட இடமில்லை. சென்ற மாதம் அவருடைய மங்கிய கண்ணுக்குத் தப்பி, ‘மனித இதயத்தில் நாற்பது அறைகள் உள்ளன’ என்றொரு வரி அறிவியல் பாடநூலில் ஏறிவிட்டது. முதலாளி அவரை உள்ளே அழைத்து, “ஐயா, இது இதயமா, லாட்ஜா?” என்று மெல்லக் கேட்டார். அடுத்த பாடநூல் பருவம் தொடங்குவதற்குள் கண் தெளியாவிட்டால், சன்னலோர மேசையை வேறொருவருக்குக் கொடுக்க நேரிடும் என்பதையும் அதே மென்மையோடு சொல்லிமுடித்தார். தலை கறுத்திருந்த காலந்தொட்டு அவர் அமர்ந்திருக்கும் மேசை அது.

“மாத்திரை ஒழுங்காப் போடறீங்க. சாப்பாட்டுலயும் குறை இல்ல. மனசை அமைதியா வச்சுக்குங்க, தினமும் நடங்க. அது போதும்” என்றார் மருத்துவர் அம்மையார்.

பிழைதிருத்துநர் எழுந்து நின்றுவிட்டார். அறுவைக்குக் காத்திருக்கும் ஒரு நோயாளியை, அதுவும் கண் தெரியாத நோயாளியை, தெருவில் இறங்கி நடக்கச் சொல்வது எந்த வகை மருத்துவம் என்று கேட்டார். மின்தூக்கியில் இறங்கும்போது அதையே இன்னொரு முறை கேட்டார். வாசலில் நின்ற வாடகை வண்டியில் ஏறும்போதும் கேட்டார். மின்தூக்கியை இயக்குபவரும் வண்டிக்காரரும் தத்தம் கடமையாகக் கருதித் தலையசைத்தனர். உடன்வந்த மனைவி மட்டும் தலையசைக்கவில்லை.

நடப்பதில்லை என்று முடிவாகிவிட்டபடியால், மனத்தை அமைதிப்படுத்தும் வேலை தொடங்கிற்று. மனைவியின் தம்பி மூச்சுப்பயிற்சி கற்றவர். அத்தானுக்கு உதவவேண்டுமென்று தாமாகவே வந்து, எதிரே சப்பணமிட்டு அமர்ந்து, மூச்சை மெல்ல இழுக்கவேண்டும், பிறகு கவலையெல்லாம் வெளியே போவதாக எண்ணிக்கொண்டு மூச்சை விடவேண்டும் என்று விளக்கினார்.

“வெளிய போன கவலை, அடுத்த மூச்சை இழுக்கறப்ப மறுபடி உள்ள வராதா?” என்று கேட்டார் பிழைதிருத்துநர்.

மைத்துனர் யோசித்தார். இதுநாள்வரை அவருக்கு அந்த ஐயம் எழுந்ததில்லை. அன்று மாலை வீடு திரும்பியபோது அவர் மூச்சு விடவே தயங்கினார் என்று பின்னர் தெரியவந்தது. பிழைதிருத்துநருக்கோ, அரைகுறையாகக் கற்றவர்கள் ஆசிரியராகிவிடும் கொடுமையை எண்ணி எண்ணிச் சர்க்கரை மேலும் ஏறிற்று.

அடுத்ததாக அவரே ஒரு வழி கண்டார். உண்டால்தானே சர்க்கரை? மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு, காலை உணவைத் தொடாமல், மனைவி கட்டிக்கொடுத்த மதிய உணவையும் திறவாமல் அச்சகத்தில் உட்கார்ந்திருந்தார். நண்பகலில் கை நடுங்கிற்று, நெற்றி வியர்த்தது, தலை மெய்ப்புத்தாளின்மேல் சாய்ந்தது. எழுத்துக் கோப்பவர்கள் ஓடிவந்து, அன்பின் மிகுதியால் ஆளுக்கொரு குவளை இனிப்புத் தேநீரை அவர் வாயில் ஊற்றினார்கள். மாலையில் பார்த்த சர்க்கரை அளவு அதுவரை எட்டாத உச்சத்தை எட்டியிருந்தது. பட்டினி கிடந்தவனுக்கு ஏறுகிறதென்றால் இந்த உடம்பில் நீதி என்பதே கிடையாதா என்று அவர் மனைவியிடம் முறையிட்டார்.

மறுநாள் மாலை அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அவர் வாசற்படியில் வந்து நின்றார். வழக்கமான குரல் இல்லை.

“அவங்க கண்ணுல வேலை பாக்கறப்ப நமக்கு முழிப்பு இருக்குமாமே.”

“ஆமா. ஆனா வலிக்காதாம்.”

“அந்த நேரம் பாத்து டாக்டருக்குத் தும்மல் வந்தா?”

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

“கொஞ்ச தூரம் நடந்துட்டு வரலாமாங்க? நானும் வர்றேன்.”

“நீயுமா?” என்றார் அவர். குரல் பழையபடி ஆகிவிட்டது.

அவள் மறுபடியும் காயை நறுக்கத் தொடங்கினாள்.

அதற்கடுத்த நாளிலிருந்துதான் உலகம் முழுவதும் ஒன்றுகூடி அவருக்கு எதிராகத் திரும்பியது.

முதலில் வண்டிக்காரர். நாள்தோறும் வீட்டு வாசலில் வந்து நின்று, அவரை அச்சகத்துக்கும் மருத்துவமனைக்கும் ஏற்றிச்செல்பவர், அன்று தொலைபேசியில் அழைத்தார். “ரிவர்ஸ் கியர் விழமாட்டேங்குதுங்க ஐயா. உங்க தெரு முட்டுச்சந்து. உள்ள வந்துட்டா வண்டியை நான் தூக்கித்தான் திருப்பணும். பெரிய தெருவுக்கு வந்துருங்க.”

பிழைதிருத்துநர் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டு, பொருமியபடியே பெரிய தெருவரை சென்றார். இரண்டொரு நாளில், அங்கே காவலர்கள் நிற்கவிடுவதில்லை என்று வண்டி பெட்ரோல் பங்குக்கு நகர்ந்தது. பிறகு பாலத்துக்கு அப்பால் போய்விட்டது. பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் இழுக்கவில்லையாம்.

“முன்னாலயும் போகாது, பின்னாலயும் போகாதுன்னா, இது வண்டியா, சிலையா?”

“போகும் ஐயா. பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்துட்டா நல்லாப் போகும்” என்றார் வண்டிக்காரர், மிகுந்த மரியாதையோடு.

வேறு வண்டி பார்க்கும்படி மனைவியிடம் ஆணையிட்டார். கேட்ட இடத்திலெல்லாம் வண்டி இல்லையென்று கைவிரித்துவிட்டதாக அவள் வந்து சொன்னாள். பாவம், அந்த மனிதர்தான் என்ன செய்வார் என்றும் சொன்னாள். அவளுக்கு எதன்மேலும் கோபம் வராதது அவருக்கு இன்னொரு கோபம்.

பாலத்தைக் கடந்து, வண்டியேறி, சர்க்கரையைப் பார்க்க மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தால், மின்தூக்கியின் கதவுக்கு முன் முக்காலி போட்டு அதை இயக்குபவர் உட்கார்ந்திருந்தார்.

“ரிப்பேருங்க ஐயா.”

பரிசோதனைக்கூடம் ஐந்தாம் மாடியில். பிழைதிருத்துநர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஏறினார். மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோது, சுவருக்குப் பின்னால் மின்தூக்கி இரைந்துகொண்டு மேலே போவது தெளிவாகக் கேட்டது. இறங்கிவந்து காரணம் கேட்டார். அது சோதனை ஓட்டம், ஆள் ஏறக்கூடாது என்று விடை வந்தது. அடுத்த முறை, மங்கலாக ஓர் உருவம் மின்தூக்கியிலிருந்து வெளியே வருவதை அவரே கண்டார்.

“அது யாரு?”

“மெக்கானிக்குங்க.”

“கையில என்ன?”

“கருவிப் பெட்டிங்க ஐயா.”

கருவிப் பெட்டி வீறிட்டு அழுததை அவர் இரு செவிகளாலும் கேட்டார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. செல்வாக்குள்ளவர்களின் குழந்தை குட்டிகளுக்கெல்லாம் மின்தூக்கி ஓடும். உழைத்து உண்பவன் மட்டும் படியேற வேண்டும். இந்த அநீதியை விட்டுவைப்பதில்லை என்று அந்த இடத்திலேயே உறுதிபூண்டார்.

மருத்துவமனை மேலாளரிடம் முறையிடவேண்டும், அவர் அறை எங்கே என்று விசாரித்தார். அதைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டதாக மின்தூக்கிக்காரர் வருத்தத்தோடு தெரிவித்தார். தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்குப் போனால் அங்கே படுக்கை விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிவந்து கேட்டபோது, முன்வாசலுக்கு வெளியே மருந்துக்கடை மாடிக்குப் போகச் சொன்னார். அங்கே பல் மருத்துவர் ஒருவர் இவரை நாற்காலியில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொன்னார். பிழைதிருத்துநர் வாயைத் திறந்தார்; ஆனால் பல் மருத்துவர் எதிர்பார்த்த காரணத்துக்காக அன்று.

அதன்பின் அவரைக் கட்டுப்படுத்த யாராலும் முடியவில்லை. பரிசோதனை இல்லாத நாளிலும் மேலாளரைத் தேடிப் புறப்பட்டார். இனி அந்தச் சிலையில் ஏறுவதில்லை என்று சூளுரைத்து, அச்சகத்துக்கும் மருத்துவமனைக்கும் முழுத் தொலைவும் கால்நடையாகவே போனார். மனைவி ஒரு கையில் தண்ணீர்ப் புட்டியும், மயக்கம் வந்தால் கொடுப்பதற்குப் பையில் ரொட்டித்துண்டுமாக ஓட்டமும் நடையுமாய்ப் பின்தொடர்ந்தாள். வழியெல்லாம் மேலாளரிடம் என்னென்ன கேட்பது, எதை முதலில் கேட்பது, எந்த இடத்தில் குரலை உயர்த்துவது என்பதையெல்லாம் அவளிடம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். வீடு திரும்பியதும் உண்டார், படுத்தார், உறங்கினார். கண்ணில் வைக்கப்போகும் கத்தியைப் பற்றி நினைக்க அவருக்கு ஓய்வே இல்லை.

அறுவைக்கு முந்தைய நாள் மருத்துவர் அம்மையார் பரிசோதனைத் தாளைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். இம்முறை அச்சுப்பிழையோ என்னும் ஐயம் அவருக்கே எழுந்திருக்கவேண்டும்.

“அருமையா இறங்கியிருக்கே. நடக்க ஆரம்பிச்சீங்களா?”

“நடக்க எனக்கு எங்கம்மா நேரம்? நடக்கற அநியாயத்தை எல்லாம் போய்க் கேக்கறதுக்கே பொழுது பத்தல.”

“அப்ப எப்படி இறங்கிச்சு?”

“கோபம்மா. நியாயமான கோபம். அது ரத்தத்தைச் சுத்தம் பண்ணிடும். உங்க படிப்புல இதெல்லாம் சொல்லித்தரமாட்டாங்க.”

மருத்துவர் அம்மையார் மனைவியைப் பார்த்தார். மனைவி சன்னலைப் பார்த்தாள்.

அறுவை அரங்கில் அவரைப் படுக்கவைத்து, கண்ணைச் சுற்றி மரத்துப்போகச் செய்து, முகத்தை மூடி, ஒற்றைக் கண்ணுக்கு மட்டும் வழி விட்டபோது, அவருடைய உள்ளங்கை சில்லிட்டது உண்மை. கண் மருத்துவர், வேறெதையாவது நினைத்துக்கொண்டு அசையாமல் இருக்கும்படி சொன்னார். நினைப்பதற்கு அவரிடம் என்ன குறை? உதடு அசையாத குரலில் வண்டியில் தொடங்கி, பாலத்தைக் கடந்து, மின்தூக்கிக்கு வந்து, அழுத கருவிப் பெட்டியை விவரித்துக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சிடுச்சுங்க” என்றார் கண் மருத்துவர்.

“நான் இன்னும் பின்கட்டுக்கே வரலையே” என்றார் பிழைதிருத்துநர்.

கட்டுப் போட்டு அனுப்புமுன் செவிலியர் சில விதிகளைச் சொன்னார். தலையை ஆட்டக்கூடாது. குனியக்கூடாது. இன்று பொழுது சாயும்வரை உரக்கப் பேசக்கூடாது. எந்தக் காரணத்தைக் கொண்டும் கோபப்படக்கூடாது. கண்ணின் நலம் கருதி அவர் எல்லாவற்றுக்கும் இசைந்தார். பாடநூல் பருவமும் சன்னலோர மேசையும் இனித் தம்முடையவையே என்னும் நிறைவில், மேலாளரைக்கூட ஒரு நாள் விட்டுவைக்கலாம் என்று அவருக்குத் தோன்றிற்று.

தாழ்வாரத்து நீண்ட பலகையில் அன்று அறுவை முடிந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தனர். எல்லார்க்கும் ஒரே பச்சை அங்கி, ஒரே பச்சைத் தொப்பி, பாதி முகத்தை மறைக்கும் ஒரே வெள்ளைக் கட்டு. அவர்களுக்கு நடுவே பிழைதிருத்துநர் வாய் திறவாமல் அமர்ந்திருந்தார். வாய் திறவாத பிழைதிருத்துநரை அந்த மருத்துவமனையில் எவராலும் அடையாளம் காண இயலாது. அருகில் நின்ற மனைவி அவருடைய தோளில் கை வைத்தாள். அவள் விரல்கள் அங்கியை இறுகப் பற்றியிருப்பதை அவர் உணர்ந்தார். இத்தனை நாளும் இவளும் பயந்துதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளிடம் இதமாக ஏதேனும் சொல்லவேண்டுமென்று, உரக்கப் பேசாமல் சொல்லக்கூடிய சொற்களை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மின்தூக்கியை இயக்குபவர் முக்காலியைக் கையில் எடுத்துக்கொண்டு வரவே, அவள் கையை எடுத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். பலகையில் இருந்தவர்களை ஒருமுறை பொதுவாகப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அக்கா, ஐயாவுக்குத்தான் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சாமே, இனிமே அவரு வந்தாலும் லிஃப்டை ஓட்டலாம்ல? வண்டிக்காரரும் கேட்டுட்டு வரச் சொன்னாரு, இன்னிக்கு வாசலுக்கே வந்துறவா, இல்ல நீங்க சொன்ன மாதிரி பாலத்துக்கு அந்தப் பக்கமே நிக்கவான்னு.”