கிளட்ச் லீவரைச் சாய்த்துக் கொடுத்த மாப்பிள்ளைக்கு

அன்பும் அடக்கமும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். என் இடது கை எங்கள் இருவரையும்விடச் சுகம். அந்தக் கையை முன்னிட்டே இக்கடிதம்.

தாங்கள் அறியாததல்ல, நான் இடக்கைக்காரன். தையற்கடையில் துணி வெட்டும் கத்தரிக்கோலும் அந்தக் கையில்தான், மோட்டார் சைக்கிள் கிளட்சும் அந்தக் கையில்தான். போன வருஷம் கட்டைவிரல் மூட்டு மக்கர் பண்ணத் தொடங்கியது. கிளட்சை முழுசாகப் பிடிக்கவும் முடியாமல், மெதுவாக விடவும் முடியாமல், ஒவ்வொரு சிக்னலிலும் வண்டி கன்றுக்குட்டி மாதிரி துள்ளும், பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்கள் அத்தையின் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டங்கென்று மோதும், "வண்டி ஓட்டறீங்களா, மணி அடிக்கறீங்களா?" என்பாள். அவள் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதிக்கொடுக்கும் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரி வாசலில் ஒருநாள் இறங்கி, "நாளையிலேர்ந்து நான் பஸ்லயே போய்க்கறேன்"னு சொல்லிட்டா. மாப்பிள்ளை, வீட்டில் நாங்கள் பேசுவது கம்மி. எங்கள் பேச்செல்லாம் அந்த வண்டியில்தான். அது நின்றதும் மனசு விட்டுப்போய், யாரிடமும் சொல்லாமல் வண்டியை விற்க ஆள் பார்த்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் தாங்களும் என் மகளும் வந்து தங்கிப் போனீர்கள். நீங்கள் கிளம்பிய மறுநாள் கிளட்சைப் பிடிக்கிறேன், வெண்ணெய் மாதிரி போகிறது! வலி இல்லை, துள்ளல் இல்லை. நான் என்னமோ கைக்குத் தடவுகிற பச்சைக் களிம்புதான் வேலை செய்கிறது, வாலிபம் திரும்பிவிட்டது என்று நம்பி, அந்தத் தெம்பில் கடையில் காஜா போடுகிறவரின் கையைக் குலுக்க, மனுஷர் அன்றைக்கு முழுக்க ஊசி பிடிக்கல. யாராலும் திறக்க முடியாத சர்க்கரை டப்பாவை நான் திறந்த வேகத்தில் மூடி என் கையிலும் சர்க்கரை ஃபேன் மேலேயும் போய், வீடெல்லாம் எறும்பு. எதிர்வீட்டுக்காரர் களிம்பைக் கேட்டு வாங்கி முழங்காலில் பூசி, கொப்புளம் வந்து, இப்ப என்னைப் பார்த்தா நொண்டிக்கிட்டே மூஞ்சியைத் திருப்பிக்கறார். வண்டியை வாங்க வந்த ஆளையும் வசனம் பேசித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நேற்று பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் மெக்கானிக் கேட்கிறார்: "யாரு சார் லீவரை இவ்வளவு அழகா செட் பண்ணது? முன்னாடி மேல தூக்கிக்கிட்டு நிக்கும், மணிக்கட்டை மடக்கித்தான் பிடிக்கணும். இப்ப கையை நீட்டினா விரல் தானா போய் உட்காருது. கேபிளுக்கு எண்ணெயும் விட்டிருக்காங்க."

முதலில் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பிறகு கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை, தாங்கள்தானே! இங்கிருந்த நாள் பூரா தாங்கள் சோபாவை விட்டு எழுந்து நான் பார்க்கவில்லை. ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்கும் வித்தியாசம் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்து, ஓசைப்படாமல் காரியத்தை முடித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போனீர்களே, அந்தப் பெருந்தன்மையை என்னவென்று சொல்ல! உங்கள் அத்தை மறுபடி என் பின்னால் உட்காருகிறாள். இன்று காலை ஆஸ்பத்திரி வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா!

என் மகளுக்கு என் ஆசிகள். தாங்கள் நெடுங்காலம் கை கால் வலி இல்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நன்றியால் வாயடைத்துப்போன
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டச் சொல்லி உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். பிரித்துப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "அவருக்கு எதுக்கு நன்றி? என் கைக்குத் தோதா இல்லைன்னு நான்தான் சாய்ச்சேன்" என்கிறாள். மத்தியானம் நான் சாப்பிட்டுத் தூங்கும் நேரமெல்லாம் ஆஸ்பத்திரி நர்ஸை வாத்தியாராக வைத்து வண்டி பழகியிருக்கிறாள்! ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றால், "சொன்னா நீங்க கத்துக்கொடுக்க வந்துடுவீங்க." எதற்கு இந்த வயதில் என்றால், "உங்க கை முடியாமப் போனா கடைக்குக் கொண்டுபோய் விட ஒரு ஆள் வேணாமா?" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள். ஆகவே, மேலே தெரிவித்த நன்றி முழுவதையும் தாங்கள் தயவுசெய்து திருப்பி அனுப்பவும். இங்கே அவசரமாகத் தேவைப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் அங்கே வருகிறோம். நான் பின்னால் உட்கார்ந்து வருகிறேன்.